அம்பை ஸ்டுடியோவில் மட்டும் பிரிவியூ ஏன் கறுப்பு? கிராஃபிக்ஸ் திறனைக் கண்டறிவது பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கல்யாண ஆல்பம் பக்கங்களை வடிவமைக்கும் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதியிருக்கிறீர்கள். மெனு, பட்டன் எல்லாம் டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் ஜன்னல்களைக் கட்ட மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு). பக்கத்தின் பிரிவியூவை மட்டும் டைரக்ட்3டி 11-இல் (கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக வரையச் சொல்லும் விண்டோஸ் வழி) வரைந்து உள்ளே பொருத்தியிருக்கிறீர்கள். உங்கள் மெஷினில் நன்றாக ஓடுகிறது. அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், ஒரு ஸ்டுடியோவில் சின்னப் பக்கங்கள் சரியாக வருகின்றன, 12×36 ஆல்பத்தின் விரிந்த பக்கம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. வள்ளியூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் எல்லாமே வருகிறது, ஆனால் படத்தை மவுஸால் இழுத்தால் திக்கித் திக்கி நகர்கிறது. அதனால் மெஷினில் என்ன கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை ஜிபி என்று கோடிலேயே தெரிந்துகொண்டு, குறைந்த கார்டாக இருந்தால் 'இந்த மெஷினில் ஓடாது' என்று சொல்லி நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். டபிள்யூஎம்ஐ (மெஷினின் விவரங்களைச் சொல்லும் விண்டோஸ் சேவை) வழியாக எடுத்தால் 8 ஜிபி கார்டுக்கும் 4 ஜிபி என்றே வருகிறது என்றும், டபிள்யூபிஎஃப்-இடம் கேட்டால் அம்பை மெஷினுக்கும் 'டியர் 2' (கார்டுக்கு அது தரும் உயர்ந்த தரம்) என்று வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கார்டின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவேண்டியது, இந்த மெஷினில் இந்த அளவுப் படத்தை, கை வைத்தால் நகர்கிற வேகத்தில், நிறம் மாறாமல் வரைய முடியுமா என்பது. கார்டின் பெயரும் ஜிபி கணக்கும் அதற்குப் பதில் தராது. நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஸ்டுடியோக்களுக்கும் பிரிண்டிங் கடைகளுக்கும் பல வருஷமாக இதே மாதிரி சாஃப்ட்வேர் செய்துகொடுக்கிறேன். என் அனுபவம் முழுக்க விண்டோஸ். மேக்கில் நான் வேலை செய்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்பையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே கணக்கே பதிலைச் சொல்லிவிடுகிறது. 36 அங்குலம் நீளம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 10,800 பிக்சல். 12 அங்குலம் உயரம் 3,600 பிக்சல். டைரக்ட்3டி 11 என்பது கார்டில் என்ன இருக்கிறது என்பதை 'ஃபீச்சர் லெவல்' என்ற படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு டெக்ஸ்சரின் (கார்டுக்குள் வைக்கும் படத்தின்) பக்கம் எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்குக் கறாரான வரம்பு உண்டு. 9.1 என்றால் 2,048 பிக்சல், 9.3 என்றால் 4,096, 10.0, 10.1 இரண்டுக்கும் 8,192, 11.0-க்கு 16,384. இது டிரைவருக்கு டிரைவர் மாறுகிற விஷயம் இல்லை, விதிமுறையிலேயே உள்ளது. ஆக 10,800 பிக்சல் பக்கம் 11.0 கார்டில் நுழையும், 10.1 கார்டில் நுழையாது. சின்னப் பக்கம் வருகிறது, விரிந்த பக்கம் வரவில்லை என்ற உங்கள் அறிகுறி இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

சாஃப்ட்வேர் தொடங்கும்போதே ஏன் எரர் வரவில்லை என்று கேட்பீர்கள். டிவைஸ் (கார்டோடு பேசுவதற்கான இணைப்பு) உருவாக்கும்போது எந்த ஃபீச்சர் லெவல்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கலாம். அதைக் காலியாக விட்டால் விண்டோஸ் 11.0-இல் தொடங்கி 9.1 வரை இறங்கிப் பார்த்து, கார்டு தாங்குகிற உயர்ந்த படியில் டிவைஸைக் கொடுத்துவிடும். 10.1 கார்டிலும் டிவைஸ் வெற்றிகரமாகவே உருவாகும். எந்தப் படி கிடைத்தது என்று திரும்பி வந்த மதிப்பை நீங்கள் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் 10,800 பிக்சல் டெக்ஸ்சர் கேட்டால் அந்தக் கோரிக்கை மட்டும் தோற்கும். அந்த எரர் கோடையும் பார்க்காமல் விட்டால் கறுப்புப் பெட்டிதான் மிச்சம். உங்கள் கோடை நான் பார்க்கவில்லை, ஆனால் முதலில் இந்த இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். இன்னொன்று: பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்து, அதில் 11.1-ஐயும் சேர்த்தால், 11.1 ரன்டைம் (டைரக்ட்3டியை ஓட்டும் விண்டோஸ் பகுதி) இல்லாத பழைய விண்டோஸ் 7-இல் மொத்தக் கோரிக்கையும் தோற்றுவிடும். அப்போது 11.1-ஐ நீக்கிவிட்டு இரண்டாம் முறை கேட்க வேண்டும்.

இதில் உறுதி எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 8,192 என்ற வரம்பு உறுதி. அம்பை மெஷின் அந்த ரகம்தான் என்பது ஊகம். ஆனால் நம் பக்கத்து ஸ்டுடியோக்களை வைத்துப் பார்த்தால் வலுவான ஊகம். ஆபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட பழைய மெஷினை வாங்கி, ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு ஓட்டுகிற இடங்கள் தென்காசி முதல் திசையன்விளை வரை நிறைய உண்டு. இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை கோர் புராசசர்களில் (2011) இருக்கும் எச்டி 2000, எச்டி 3000 கிராஃபிக்ஸ் 10.1 படியோடு நிற்கிறது. அடுத்த தலைமுறையில், 2012-இல், எச்டி 2500-உம் எச்டி 4000-உம் வந்தபோதுதான் 11.0 கிடைத்தது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஐ3 பெட்டிதான்.

ஊகத்தை உறுதியாக்க, விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவி போதும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டு, 'ரன்னில் டிஎக்ஸ்டயாக் என்று அடியுங்க' என்று சொன்னால், முதல் பக்கத்தில் தெரிவதைப் படித்து, 'அண்ணாச்சி, டைரக்ட்எக்ஸ் 12-ன்னு போட்டிருக்கு, எல்லாம் புதுசுதான்' என்பார். அவர் படித்தது சரி. அந்த 12 விண்டோஸில் இருக்கும் ரன்டைமின் பதிப்பு. கார்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. விண்டோஸ் 10 போட்ட 2011-ஆம் வருஷத்து மெஷினிலும் 12 என்றுதான் வரும். 'டிஸ்பிளே' என்ற அடுத்த டேபுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே வலப்பக்கம் 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்ற வரியில் படிகள் வரிசையாக இருக்கும். அந்த வரி 10_1 என்று தொடங்கினால் விஷயம் முடிந்தது. அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் படிக்கச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் ஃபைலாகச் சேமிக்கும் பட்டனும் கீழே இருக்கிறது. அந்த ஃபைலில் கம்ப்யூட்டரின் பெயர் உட்படப் பல விவரம் இருக்கும் என்பதால் பொது இடத்தில் அப்படியே ஒட்ட வேண்டாம்.

இனி வள்ளியூர். அங்கே நடப்பது வேறு சங்கதி என்று நினைக்கிறேன். விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தவர் கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடாமல் விட்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருக்கும். திரை வரும், ஃபோட்டோ தெரியும், பில் போடலாம். கடைக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் டைரக்ட்3டி கேட்கிற சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பதிலாக 'வார்ப்' என்ற மென்பொருள் வரைவியைக் கொடுக்கும். வரைகிற வேலை முழுவதையும் சிபியு செய்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, வார்ப்பின் ஃபீச்சர் லெவல் உயர்ந்தது. விண்டோஸ் 8-இலேயே அது 11.1-ஐத் தொட்டுவிட்டது. ஆகவே ஃபீச்சர் லெவலை மட்டும் பார்த்து மெஷினைத் தரம் பிரித்தால், டிரைவரே இல்லாத வள்ளியூர் மெஷின் முதல் வகுப்பிலும், உண்மையான கார்டு உள்ள அம்பை மெஷின் கீழேயும் போய் உட்காரும். ஃபீச்சர் லெவல் 'முடியுமா' என்பதற்குப் பதில். 'எவ்வளவு வேகம்' என்பதற்கு அதில் பதிலே இல்லை.

வார்ப்பில் ஓடுகிறோமா என்று கண்டுபிடிக்க டிஎக்ஸ்ஜிஐயிடம் (மெஷினில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டுகளின் விவரம் தரும் விண்டோஸ் பகுதி) அடாப்டர் பட்டியலை, அதாவது கார்டுகளின் பட்டியலை, கேட்க வேண்டும். ஒவ்வொரு அடாப்டருக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்றும் சாதன எண் ஒன்றும் வரும். ஹெக்ஸ் கணக்கில் இன்டெல் 8086, என்விடியா 10டிஇ, ஏஎம்டி 1002. மைக்ரோசாஃப்டின் பேசிக் ரெண்டர் டிரைவர் 1414, அதன் சாதன எண் 8சி. விண்டோஸ் 8-இல் இருந்து இந்த அடாப்டர் எல்லா மெஷினிலும் பட்டியலில் இருக்கும், நல்ல கார்டு இருந்தாலும் இருக்கும். அதைப் பார்த்து பயந்துவிட வேண்டாம். நீங்கள் டிவைஸ் உருவாக்கிய அடாப்டர் அதுவா என்பதுதான் கேள்வி. அந்த அடாப்டரின் விவரத்தில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு கொடியும் (ஃபிளாக்) உண்டு. பலர் அந்தக் கொடியை மட்டும் சோதிக்கச் சொல்வார்கள். டிரைவர் இல்லாததால் பேசிக் ரெண்டர் டிரைவரே முதன்மை அடாப்டராக நிற்கிற மெஷினில் அந்தக் கொடி வைக்கப்பட்டிருக்காது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. வள்ளியூர் நிலைமை அதுவாகத்தான் இருக்கும். எனவே எண்ணைப் பாருங்கள், கொடியை நம்பி நிற்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் கடைக்காரருக்குச் சொல்லவேண்டிய செய்தியும் எளிது: 'இந்தக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் டிரைவர் போடப்படவில்லை, போட்டால் வேகமாகும்.' புதுக் கார்டு வாங்கச் சொல்லி அவரைச் செலவுக்கு இழுக்க வேண்டியதில்லை.

டபிள்யூபிஎஃப் அம்பை மெஷினிலும் டியர் 2 என்று சொன்னதே, அது பொய்யா என்றால் இல்லை. டபிள்யூபிஎஃப் வரைவது டைரக்ட்3டி 9-இல். டியர் 2 கிடைக்க 120 எம்பி வீடியோ நினைவகம், பிக்சல் ஷேடர் 2.0, வெர்டெக்ஸ் ஷேடர் 2.0, நான்கு டெக்ஸ்சர் யூனிட் போதும். இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான மெஷின்கள் இதைத் தாண்டிவிடும். உங்கள் ஜன்னலும் பட்டனும் கார்டால் வரையப்படும் என்பதற்கு அது உத்தரவாதம். நீங்கள் தனியாக உருவாக்கிய டைரக்ட்3டி 11 டிவைஸைப் பற்றி அது பேசவே இல்லை. அந்த எண்ணை அப்படியே படித்தால் 131072 என்று வரும், 16 பிட் வலப்பக்கம் தள்ளினால்தான் 2. டியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறவும் கூடும், அதற்கு ஒரு ஈவன்ட் இருக்கிறது. நீங்கள் சுத்தமாக டபிள்யூபிஎஃப் மட்டும் வைத்து எழுதியிருந்தால் டியரையும், அதே கிளாஸில் இருக்கும் அதிகபட்ச டெக்ஸ்சர் அளவையும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருப்பேன்.

நினைவகக் கணக்குக்கு வருகிறேன். டபிள்யூஎம்ஐயில் வரும் அடாப்டர் ரேம் என்ற மதிப்பு 32 பிட் எண். அதில் 4 ஜிபிக்கு மேல் எழுத இடமே இல்லை. உங்கள் 8 ஜிபி கார்டு 4 ஜிபியாகத் தெரிவது அதனால்தான். டிஎக்ஸ்ஜிஐ தருகிற எண் சரியாக இருக்கும். ஆனால் உங்கள் சாஃப்ட்வேரை 32 பிட்டாக பில்ட் செய்திருந்தால் அங்கேயும் அதே சுவரில் முட்டும். அதற்கு மேல் ஒரு சிக்கல்: இன்டெல் போன்ற உள்ளமைந்த கிராஃபிக்ஸில் தனி நினைவகம் என்பது 128 எம்பி மாதிரி சின்ன எண்ணாகத்தான் வரும். அது மெஷினின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. பகிர்வு நினைவகம் என்று அடுத்த எண்ணில் பல ஜிபி தெரியும். '1 ஜிபிக்குக் குறைந்தால் நிறுத்து' என்று எழுதினால் நன்றாக ஓடக்கூடிய லேப்டாப்களைத்தான் முதலில் துரத்துவீர்கள். விண்டோஸ் 10-இல், இந்த நொடியில் உன் சாஃப்ட்வேருக்கு இவ்வளவு ஒதுக்கலாம் என்று பட்ஜெட் சொல்லும் கேள்வி ஒன்று டிஎக்ஸ்ஜிஐயில் இருக்கிறது. மொத்தம் எத்தனை ஜிபி என்பதைவிட அந்த எண்தான் வேலைக்கு உதவும். அது நிலையான எண் இல்லை. பக்கத்தில் போட்டோஷாப்பைத் திறந்தால் இறங்கும்.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப் வைத்திருக்கும் ஸ்டுடியோக்களும் இப்போது அதிகம். பட்டியலில் முதலில் வருவது மெயின் திரை இணைந்திருக்கும் அடாப்டர், லேப்டாப்பில் அது பெரும்பாலும் இன்டெல். ஒன்றும் சொல்லாமல் டிவைஸ் கேட்டால் அதுதான் கிடைக்கும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் இருந்து, வேகமான கார்டை முதலில் வைத்துப் பட்டியலைத் தா என்று கேட்க வழி இருக்கிறது. எக்ஸ்இயில் இருந்து ஒரு மாறியை எக்ஸ்போர்ட் செய்து டிரைவருக்குச் சைகை காட்டும் பழைய வழியும் உண்டு, சி ஷார்ப்பில் அது சுலபமில்லை. என் யோசனை, ஆல்பம் பிரிவியூவுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை. இன்டெல் கார்டே தாராளமாகப் போதும், பேட்டரியும் மிச்சம். வேண்டுமென்றால் பயன்படுத்துகிறவரே விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்பிளே பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் பக்கத்தில் உங்கள் சாஃப்ட்வேருக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

இத்தனையும் கார்டும் டிரைவரும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சொல்வதை எல்லாம் செய்கிறதா என்பது தனி. நான் முழுதாக நம்புகிற சோதனை, வரைய வைத்துத் திரும்பப் படிப்பதுதான். தென்காசிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஒரு டிரைவர் அப்டேட்டுக்கு அப்புறம் மணப்பெண்ணின் அரக்குச் சிவப்பு முகூர்த்தப் பட்டு நீலமாகத் தெரிந்தது. முகமும் நீலம் பாய்ந்திருந்தது. ஃபீச்சர் லெவல், ஃபார்மட் ஆதரவு, நினைவகம் என்று எதைக் கேட்டாலும் கார்டு சரியான பதிலே சொன்னது. சிவப்பும் நீலமும் இடம் மாறியது டைரக்ட்3டி 11 வரைந்த படத்தை டபிள்யூபிஎஃப் பக்கம் கைமாற்றுகிற இடத்தில். அதனால் என் சோதனை இப்படி இருக்கும்: சின்ன டெக்ஸ்சர் ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம், பாதி ஒளிபுகும் வெள்ளை என்று நான்கு கட்டம் வரைவேன். கடைசியாகத் திரைக்குப் போகும் அதே சர்ஃபேஸில் இருந்து பிக்சலைத் திரும்ப வாசித்து ஒப்பிடுவேன். சாம்பல் நிறக் கட்டத்தை வைத்துச் சோதித்தால் இந்த இடமாற்றம் தெரியாது, மூன்று நிறமும் அதில் சமம். பிறகு உங்களுக்குத் தேவைப்படும் பெரிய அளவில் ஒரு டெக்ஸ்சரைக் கேட்டுப் பார்ப்பது, ஒரு பக்கத்தைச் சில முறை வரைந்து நேரத்தை அளப்பது. நேரம் அளக்கும்போது கடைசி வரைதல் உண்மையில் முடிந்ததா என்று காத்திருந்து அளக்க வேண்டும். கட்டளையை வரிசையில் போட்டுவிட்டு உடனே கடிகாரத்தைப் பார்த்தால் எல்லா மெஷினும் வேகமாகத்தான் தெரியும்.

இந்தச் சோதனையை உங்கள் மெயின் எக்ஸ்இக்குள் செய்யாதீர்கள். மோசமான டிரைவர் சோதனையின் நடுவிலேயே விழுந்தால் உங்கள் சாஃப்ட்வேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் கடைக்காரர் 'ஓப்பனே ஆவமாட்டுக்கு' என்று கூப்பிடுவார், உங்களிடம் ஒரு தடயமும் இருக்காது. சின்னத் தனி எக்ஸ்இ ஒன்றை ஓடவிட்டு, அது எழுதித் தரும் முடிவைப் படியுங்கள். குறித்த நேரத்தில் பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். பயர்பாக்ஸ் லினக்ஸில் கிராஃபிக்ஸைச் சோதிக்கத் தனி புராசஸ் வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். அதோடு, முதல் பக்கம் வரைவதற்குச் சற்று முன் ஒரு அடையாள ஃபைலை எழுதுங்கள், பக்கம் திரையில் வந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது அந்த ஃபைல் கிடந்தால், போன முறை வரைதலில் விழுந்திருக்கிறது என்று பொருள். கேள்வி கேட்காமல் பாதுகாப்பான முறைக்குப் போய்விடலாம். சோதனை முடிவைச் சேமிக்கும்போது தயாரிப்பாளர் எண், சாதன எண், டிரைவர் பதிப்பு மூன்றையும் சாவியாக வையுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் மறுபடி சோதியுங்கள். தென்காசி நீலப் பட்டு மாதிரி கோளாறுகள் டிரைவர் பதிப்போடு வந்து டிரைவர் பதிப்போடு போகிறவை.

தொடக்கத்தில் சரியாக இருந்த கார்டு நடுவில் காணாமல் போவதும் உண்டு. ஒரு வேலையில் கார்டு 2 வினாடிக்கு மேல் மூச்சுவிடாமல் இருந்தால் விண்டோஸ் அதை முடங்கியதாக எடுத்துக்கொண்டு டிரைவரை ரீசெட் செய்யும். இயல்பாக வைத்திருக்கும் வரம்பு அது. பழைய கார்டில் 10,800 பிக்சல் படத்துக்கு மொத்தமாக ஒரு பிளர் ஃபில்டர் போட்டால் அந்த வரம்பைத் தொடுவது பெரிய விஷயமில்லை. பின்னணியில் டிரைவர் அப்டேட் ஆனாலும் இதே கதி. டிவைஸ் நீக்கப்பட்டது என்ற எரர் கோடு வந்தால் எல்லா டெக்ஸ்சரையும் விட்டுவிட்டு, அடாப்டர் பட்டியலில் இருந்தே தொடங்கி மறுபடி கட்ட வேண்டும். திரும்பி வருவது பழைய கார்டாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆல்பத்தின் அடுக்கு விவரங்களைக் கார்டின் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கவும் வேண்டாம். ஆவணியிலும் தையிலும் அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும்போது ஒரு ஸ்டுடியோவில் இரவெல்லாம் அடுக்கிய நாற்பது பக்கம் போய்விட்டால், அதற்கு நம்மால் ஒன்றும் ஈடு செய்ய முடியாது.

ரிமோட் டெஸ்க்டாப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியில் 'உள்ளே போய்ப் பார்த்தேன்' என்று ஒரு வரி இருந்தது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும்போது அது தனி செஷன். அங்கே உங்கள் சாஃப்ட்வேருக்குக் கிடைக்கும் கிராஃபிக்ஸ், கடைக்காரர் மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்க்கும் கிராஃபிக்ஸாக இருக்க வேண்டும் என்று இல்லை. டி3டி இமேஜ் (டைரக்ட்3டி படத்தை ஜன்னலுக்குள் காட்டும் வசதி) வழியாக டபிள்யூபிஎஃப்-இல் ஒட்டிய பிரிவியூ, சாஃப்ட்வேர் ஃபால்பேக் என்ற ஆப்ஷனைக் கொடுக்காமல் விட்டால் அங்கே வெறுமையாகவே நிற்கும். அதைப் பார்த்து 'கார்டு சரியில்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடைக்காரரின் திரையை அப்படியே அனுப்புகிற டூலில் பாருங்கள், இல்லையென்றால் பஸ் ஏறி நேரில் போய்ப் பாருங்கள். அம்பை ஒன்றும் தூரமில்லை.

சரி, 'இந்த மெஷினில் ஓடாது' என்று நிறுத்தலாமா? வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. கணக்கைப் பாருங்கள். 10,800 × 3,600 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் 15 கோடியே 55 லட்சம் பைட், ஏறக்குறைய 148 எம்பி. அந்த ஸ்டுடியோவின் மானிட்டர் 1366 பிக்சல் அகலம் இருக்கலாம், மிஞ்சினால் 1920. முழுப் பக்கத்தையும் திரையில் காட்டும்போது அந்த 148 எம்பியில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை. நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி 2,700 × 900 ஆக்கினால் 97 லட்சம் பைட்தான். அது 9.3 படிக் கார்டிலும் நுழையும், வார்ப்பிலும் ஓரளவு நகரும். பெரிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் அந்தப் பகுதிக்கான துண்டுகளைக் கொண்டுவாருங்கள். பக்கத்தை 2,048 பிக்சல் துண்டுகளாக வெட்டினால் ஆறு பத்தி, இரண்டு வரிசை, மொத்தம் 12 துண்டு. துண்டுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியாமல் இருக்க ஒவ்வொரு துண்டையும் ஓரத்தில் ஒரு பிக்சல் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். லேபுக்கு அனுப்பும் கடைசி ஃபைலை கார்டை நம்பாமல் சிபியுவிலேயே செய்யுங்கள்; சில வினாடி கூடுதலாகும், நிறம் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்கும். இப்படி எழுதிவிட்டால் திறனைக் கண்டறிகிற வேலையே பாதி குறைந்துவிடும். எந்தக் கார்டிலும் நிற்கிற ஒரு கீழ்த்தளம் இருக்கும். நல்ல கார்டு கிடைத்தால் நிழல், பிளர் போன்றவற்றை உடனுக்குடன் காட்டலாம்.

டைரக்ட்3டிக்குப் பதிலாக ஓபன்ஜிஎல்-இல் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சுருக்கமாக: கான்டெக்ஸ்ட் உருவாக்கிய பிறகுதான் எதையும் கேட்க முடியும். ரெண்டரர் என்ற இடத்தில் 'ஜிடிஐ ஜெனரிக்' என்று வந்து பதிப்பு 1.1 என்று இருந்தால் அது வள்ளியூர் நிலைமை. லினக்ஸில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தாலும் வரைவது சிபியுதான். ஒரு ஃபங்ஷனின் முகவரி கிடைத்துவிட்டது என்பதை வைத்து அந்த வசதி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள், பதிப்பையோ எக்ஸ்டென்ஷன் பட்டியலையோ பாருங்கள்.

உங்கள் சாஃப்ட்வேரின் 'பற்றி' ஜன்னலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அடாப்டரின் பெயர், ஃபீச்சர் லெவல், டிரைவர் பதிப்பு, சோதனையில் தேறியதா, இப்போது எந்த முறையில் ஓடுகிறது. பக்கத்திலேயே 'தானாக' அல்லது 'பாதுகாப்பாக' என்று கைமுறையாக மாற்ற ஒரு தேர்வும் வையுங்கள். எந்தச் சோதனையும் பிடிக்காத கோளாறு என்றைக்காவது ஒரு கடையில் வரும், அன்றைக்கு அந்த ஒரு தேர்வால் அவருடைய வேலை நிற்காமல் ஓடும். இப்போதைக்கு அம்பையில் இருந்து டிஎக்ஸ்டயாக்கின் டிஸ்பிளே பக்கத்தையும், வள்ளியூரில் இருந்து டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதை விரித்த போட்டோவையும் வாங்கி இங்கே போடுங்கள், கம்ப்யூட்டர் பெயர் தெரிந்தால் மறைத்துவிட்டு. கூடவே டிவைஸ் உருவாக்கும் வரிகளையும் டெக்ஸ்சர் உருவாக்கும் வரிகளையும் ஒட்டுங்கள். என் இரண்டு ஊகமும் சரியா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.